பயணம் சௌகரியமாக இருந்ததா?

தூதர் வீட்டுக்கும் மைக்செட்காரருக்கும் போக்குவரத்து நின்றுபோனதற்குக் காரணம் ஒரு நாற்காலி என்பது அந்தக் குடியிருப்பில் ஊரறிந்த ரகசியம். மகளின் கல்யாண வரவேற்பில் தூதர் தன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தாராம். முதல் வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள், இரண்டாவதில் அவர்களுக்குக் கோட்டு வாங்கி மாட்டுகிறவர்கள். அண்ணன் வாடகைக்கு நாற்காலியும் ஒலிபெருக்கியும் விடுகிற கடைக்காரர், இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லையாம்.

வதந்தியை விசாரிக்காமல் நம்புவது சோம்பேறித்தனம். விசாரித்தபின் நம்புவது அவரவர் தைரியம். இஸ்திரிக்காரரைக் கேட்டால், மூன்றாவது இல்லை, ஐந்தாவது வரிசை என்கிறார். காவலாளியைக் கேட்டால், வரிசையே இல்லை, தூணுக்குப் பின்னால் என்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளரோ, வரிசை பிரச்சினையே இல்லை, மற்றவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, மைத்துனருக்கு மட்டும் பிளாஸ்டிக் என்று அடித்துச் சொல்கிறார். இந்த மூவரில் ஒருவருக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. அழைப்பு இருந்தவர்களில் முக்கியமானவள் தூதரின் மனைவி. விசாரித்தால் அவளுக்கும் நாற்காலிதான் என்று நினைப்பு. கணவரிடம் கேட்க நினைத்து, அவர் தரப்போகும் விளக்கத்தின் நீளத்தை எண்ணிக் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

தூதர் என்பது குடியிருப்பு வைத்த பெயர். அவர் உண்மையில் தூதராக இருந்தது பணியின் கடைசிக் காலத்தில் மட்டும், அதுவும் வரைபடத்தில் அச்சுப்பிழை போலத் தெரியும் ஒரு தீவில். அதற்கு முன் மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர் என்று எண் இறங்க இறங்க ஆள் ஏறிக்கொண்டே போகும் உத்தியோகம். தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு மாற்று தருவது, விசா கிடைக்காதவர்களின் சாபத்தை வாங்கிக்கொள்வது, மந்திரி தொலைத்த பெட்டியை அதற்குள் என்ன இருந்தது என்று கேட்காமல் தேடுவது, சவப்பெட்டியில் ஊர் திரும்புகிறவர்களுக்கு விமானத்தில் இடம் பிடிப்பது. ஒரு துறைமுக ஊரில், முதலாளி கைவிட்டதால் சிறையில் மாட்டிக்கொண்ட கப்பல் ஊழியர்களுக்கு வாரம் தவறாமல் சோப்பும் செருப்பும் கொண்டுபோனார். கடைசி ஆள் வெளியே வரும்வரை தனக்கு வந்த நல்ல மாற்றல் ஒன்றைத் தள்ளிப்போட்டார். அதைப் பற்றிக் கேட்டால், "செருப்பு அளவு யாருக்கும் சரியா அமையல" என்று மட்டும் சொல்வார்.

ஆனால் துறையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வாசல்தான். எந்தத் தூதரகத்தில் விருந்து நடந்தாலும் வாசலில் நின்று வரவேற்க அவரைத்தான் நிறுத்துவார்கள். வருகிறவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணைப் பார்த்து, தலையைச் சற்றே சாய்த்து, "வருகைக்கு மிக்க நன்றி. பயணம் சௌகரியமாக இருந்ததா?" என்று கேட்பார். பல மொழிகளில் கேட்பார். கேட்கப்பட்டவர், இந்த உலகத்தில் தன் பயணத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்ட ஒரே ஜீவன் இதுதான் என்று நம்பிக்கொண்டு உள்ளே போவார். போவதற்குள் அடுத்த கை வந்திருக்கும்.

அவர் வாசலில் நின்ற காலமெல்லாம் மனைவி வீடு மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஊரிலும் ஜன்னலுக்கு ஓர் அளவு. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய, எந்த ஜன்னலுக்கும் பொருந்தாத திரைச்சீலைகள் அவளிடம் சேர்ந்தன. சொந்த ஊரில் நடக்க வேண்டியவற்றை அண்ணன் பார்த்துக்கொண்டார். அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். மகள் கல்லூரி விடுதியில் காய்ச்சலில் விழுந்தபோது போய் நின்றவரும் அவர்தான். அவள் வெளிநாட்டிலிருந்து செய்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "அண்ணா, ஒரு சின்ன வேலை" என்று ஆரம்பித்தவை. ஓய்வு பெற்றதும் இந்தக் குடியிருப்பில் வீடு வாங்கியதே, அண்ணன் இரண்டு தெருவில் இருக்கிறார், இனிமேலாவது ஒரே ஊரில் இருக்கலாம் என்றுதான். குடிவந்த வருடமே மகள் கல்யாணம். கல்யாணத்தோடு அண்ணன் வரத்து நின்றது. இவள் கடைக்குப் போனால் நன்றாகப் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வாங்க என்றால் மட்டும், "பாக்கறேன்" என்பார். அவர் பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது.

இந்த நிலையில்தான் செயலாளர், தூதரின் நீண்ட சேவையைப் பாராட்டி விழா எடுக்கச் சங்கம் முடிவு செய்திருப்பதாக வந்து சொன்னார்.

"எத்தன போர நிறுத்தினீங்கன்னு சொன்னீங்கன்னா நோட்டீஸ்ல போட்டுடுவேன் சார்."

"போர் எதையும் நிறுத்தல. ஒரு தடவ ஒரு மேஜையத் திருப்பிப் போட்டேன்."

"மேஜையா?"

"ரெண்டு தரப்பு பேச வந்தாங்க. ஒரு தரப்புக்குக் கண்ணுல வெயில் அடிச்சுது. அவமானப்படுத்தறாங்கன்னு எழுந்துட்டாங்க. மேஜைய அப்படியே பக்கவாட்டுல திருப்பினோம். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி வெயில். உக்காந்துட்டாங்க."

"மேஜைய எப்படி சார் நோட்டீஸ்ல போடறது? ரெண்டு போர்னு போட்டுக்கறேன். நீங்க மறுக்க வேண்டாம், அவ்வளவுதான்."

தூதர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அவருக்குப் பயிற்சி இல்லை.

"மேடம், நீங்களும் மேடையில சார் பக்கத்துல உக்காரணும்" என்றார் செயலாளர் சமையலறைப் பக்கம் திரும்பி.

"எங்க அண்ணன் வந்தா உக்காரறேன். வரலன்னா இவர் மட்டும் உக்காரட்டும்."

செயலாளர் நோட்டீஸ் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வேணும்னா நான் போய் அவர்கிட்ட..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"நீங்க போனீங்கன்னா அது ஏழாவது வரிசையா ஆயிடும். நானே போறேன்."

மறுநாளே போனாள். கடையில் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்றாகக் கூரைவரை உட்கார்ந்திருந்தன. அண்ணன் ஒரு பெட்டி ஒலிபெருக்கியின் முகமூடி வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த நாற்காலி விஷயத்த இன்னும் எவ்ளோ நாளைக்குத்தான் மனசுல வச்சிட்டிருப்ப?"

"எந்த நாற்காலி?"

"மூணாவது வரிசை."

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். "அடிப் பைத்தியமே. அந்த வரிசை மொத்தத்தையும் போட்டதே நான்தான். என் கடை நாற்காலிடி அதெல்லாம். எனக்கு உக்கார எங்க நேரம்? அன்னிக்கு நான் உக்காரவே இல்ல."

வதந்தி அந்த இடத்தில் செத்தது. அதற்கு அழ ஆளில்லை.

"பின்ன எதுக்கு வர மாட்டேங்கற?"

அவர் ஒலிபெருக்கிக்குள் ஊதினார். தூசி பறந்தது.

"விடிகாலைலேருந்து வண்டில நாற்காலி எறக்கறேன். உன் வீட்டுக்காரரும் கூடவே நிக்கறார். 'மச்சான், இந்தப் பக்கம் வயர் தடுக்குது'ங்கறார். 'மாப்பிள்ளை, நீங்க போய் ஒரு வாய் காப்பி குடிங்க'ங்கறேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளிச்சு, நல்ல சட்டையா எடுத்துப் போட்டுட்டு, முன் வாசல் வழியா வரேன். அவர் வாசல்ல நிக்கறார். என் கைய ரெண்டு கையாலயும் பிடிக்கறார். கண்ணப் பாக்கறார். 'வருகைக்கு மிக்க நன்றி. பயணம் சௌகரியமாக இருந்ததா?'ங்கறார்."

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காத."

அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ என்ன சொன்ன?"

"'சௌகரியமா இருந்துச்சு'ன்னேன். வேறென்ன சொல்றது? அதுக்குள்ள அவர் அடுத்த கைக்குப் போயிட்டார். என்னடி பயணம்? ரெண்டு தெரு. அவர் கண்ணுல நான் இல்ல. ஏதோ ஒரு சின்ன நாட்டுலேருந்து வந்த ஆளு நிக்கறான்."

ஒலிபெருக்கியின் முகமூடியைத் திரும்ப மாட்டினார். "ஒரு சாரி சொல்லட்டும். வரேன். மேடைக்குக் கீழகூட உக்காரறேன்."

வீடு திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு விமான நிலையம் ஞாபகம் வந்தது. குளிர் நாடு. அப்பா காரியம் முடிந்து தனியாகத் திரும்பியவளை அழைத்துப்போகக் கணவர் வந்திருந்தார். அவள் கையைப் பிடித்து, அதே வாக்கியத்தைத்தான் கேட்டார். அன்றைக்கு அவள், சௌகரியமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். களைப்பு, அதனால் தப்பாகப் படவில்லை. இன்றைக்கு இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது தப்பாகப் பட்டது.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"அண்ணா பொய் சொல்வாரா?"

"பொய்னு நான் சொல்லல. சம்பவம் உறுதிப்படலன்னு சொல்றேன். அன்னிக்கு எவ்ளோ பேர்! உறுதிப்படாத சம்பவத்துக்கு மன்னிப்புக் கேக்கற வழக்கம் கிடையாது."

"யாருக்குக் கிடையாது?"

"பொதுவா... கிடையாது."

இங்கே தூதருக்கு நியாயம் செய்துவிட வேண்டும். மன்னிப்பு அவருக்குப் புதிது இல்லை. கொடி தலைகீழாகப் பறந்ததற்கும், வேறு நாட்டுக் கீதத்தை வாசித்துத் தொலைத்ததற்கும், மந்திரி விருந்தில் தூங்கியதற்கும் அவர் எழுதிய வருத்தங்கள் பல அலமாரிகளில் இருக்கின்றன. எல்லாம் தூதரகம் வருந்துகிறது, அரசு வருந்துகிறது என்று எழுதப்பட்டவை. தன் பெயரில் வருந்துவதற்கு அவருக்கு யாரும் இதுவரை அதிகாரம் வழங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்து ஒரு வாசகம் தயாரித்தார். அதை மனைவி தூக்கிக்கொண்டு போனாள். பணிக்காலம் முழுக்க விருந்துக்குக் கோப்பை துடைத்தவள், ஓய்வுக்காலத்தில் சிறப்புத் தூதர் ஆனாள்.

"'அன்றைய தினம் ஏதேனும் மனவருத்தம் ஏற்பட்டிருக்குமானால், அது வருந்தத்தக்கது'ன்னு சொல்லச் சொன்னார்" என்று கடையில் ஒப்பித்தாள்.

"யாரு வருந்தறாங்க?"

"அது சொல்லல."

"ஏற்பட்டிருக்குமானாலா? ஏற்பட்டுதுன்னுதானே அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்?"

"சொன்னேன் அவர்கிட்ட."

"திரும்பக் கொண்டுபோ."

திரும்பக் கொண்டுபோனாள். இரண்டாவது வாசகத்தில் வருத்தம் இருந்தது, யாருடையது என்பது இல்லை. மூன்றாவதில் இரு தரப்பும் கடந்த காலத்தைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னோக்கிப் போவதாக இருந்தது.

"இரு தரப்பாம்! நான் என்னடி பண்ணேன்?" என்றார் அண்ணன். "போதும் விடு, நடந்து நடந்து கால் தேய்ஞ்சு போயிடும் உனக்கு."

"விழா ஞாயித்துக்கிழம. வருவியா மாட்டியா?"

"பாக்கறேன்."

விழா அன்று சாயங்காலம் குடியிருப்பின் கூட்ட அறையில் விளக்குகளைப் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் இரண்டு போர்கள் மூன்றாகியிருந்தன. பாராட்டப்படுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோ கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வாசலைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. மனைவி கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் தன் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாள்.

மூன்றாவது மாடித் தம்பதி வந்தார்கள்.

"வருகைக்கு மிக்க நன்றி. பயணம் சௌகரியமாக இருந்ததா?"

"லிஃப்ட் ஓடல சார். எறங்கிதான் வந்தோம்."

"கேட்க மகிழ்ச்சி."

கதவிடுக்கிலிருந்து கை வந்து கோட்டை இழுத்தது.

"என்னங்க, எங்க அண்ணா வந்தா அத மட்டும் கேக்காதீங்க."

"எத?"

"இப்ப அவங்ககிட்ட கேட்டீங்களே, அத."

தூதர் யோசித்தார். கேட்டது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது. "பின்ன என்ன கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காதீங்க."

"ஒண்ணும் கேக்காம ஒருத்தர எப்படி வரவேற்கறது?"

கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மனைவிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியும் விட்டது. கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

செயலாளர் மேடையில் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். வேறு கடையில் எடுத்தது. மைக்செட்காரருடன் உறவு சரியில்லாதபோது அவரிடம் எடுப்பது நன்றாக இருக்காது என்று சங்கமே நாசூக்கு பார்த்திருந்தது. இருக்கைகள் நிரம்பின. செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார். மனைவி அசையவில்லை.

அப்போது அண்ணன் வந்தார். நல்ல சட்டை போடவில்லை. கடைச் சட்டை, கையில் ஹெல்மெட், முகத்தில் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்கிற பாவனை.

தூதரின் இரண்டு கைகளும் முன்னால் நீண்டன. தலை சற்றே சாய்ந்தது. கதவிடுக்கிலிருந்து மனைவியின் கை மறுபடி கோட்டைத் தேடி நீண்டது.

"வருகை..." என்று வாய் திறந்தது.

மேடையில் மைக் வீறிட்டது. கழுத்தை நெரித்த கோழி போல ஒரே அலறல். முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்தியது. செயலாளர் அதை மேலும் தட்டினார், அது மேலும் கத்தியது. விருந்துகளில் மைக் கத்துவது தூதர் தன் வாழ்க்கையில் பயந்த சில விஷயங்களில் ஒன்று. அவர் முகத்திலிருந்து வாசல் முகம் கழன்று விழுந்தது.

"மச்சான்! என்ன இது அநியாயம்? இவ்ளோ நேரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க? போங்க, போய் அதப் பாருங்க முதல்ல!"

தூதரே தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்த மாதிரி நின்றார். யாரையும் அவர் அப்படிப் பேசி அந்தக் குடியிருப்பு கேட்டதில்லை.

"எவன் கடையில எடுத்தீங்க இத?" என்றார் அண்ணன்.

"எனக்கு எப்படித் தெரியும்? செயலாளர் எடுத்தது!"

"அவனுக்கு என்ன தெரியும்? இந்தாங்க, இதப் பிடிங்க." ஹெல்மெட்டைத் தூதரின் நீட்டிய கைகளில் திணித்துவிட்டு மேடைப் பக்கம் ஓடினார். ஓடும்போதே, "யோவ், தட்டாதய்யா! தட்டாத!" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த விருந்தினர்களைத் தூதர் ஹெல்மெட்டோடு வரவேற்றார். கைகொடுக்கக் கை இல்லாததால் வாக்கியமும் வரவில்லை போலும். "வாங்க, வாங்க, உள்ள போங்க" என்று மட்டும் சொன்னார். மனைவி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மேடையேறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

செயலாளர் மூன்று போர்களையும் விரிவாகப் பேசினார். நினைவுக் கேடயம் கொடுத்தார்கள். தூதரைப் பேச அழைத்தார்கள். அவர் தன் சேவை நீண்டதுதான், ஆனால் பெரும்பாலும் நின்றுகொண்டே கழிந்தது என்றார். மேஜை விஷயத்தைச் சொன்னார். யாரோ கப்பல் ஊழியர்களைப் பற்றிக் கேட்டதற்கு, செருப்பு அளவைப் பற்றிச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த ஊழியர்களில் இரண்டு பேருக்குக் கடைசிவரை வெறுங்கால்தான் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மேடைக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் முன் குந்தியிருந்த அண்ணன் குமிழைக் கொஞ்சம் திருகினார். கடைசி வரிசைக்கும் கேட்டது. மேடையிலிருந்த தங்கைக்கு அந்தக் கை மட்டும் தெரிந்தது.

விழா முடிந்ததும் அண்ணன் ஹெல்மெட்டை வாங்கிக்கொள்ள வீடுவரை வர வேண்டியதாயிற்று. தூதர் அதைக் கேடயத்தோடு சேர்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று விசாரித்தால் பதில் கிடைப்பதில்லை. அண்ணன் படியேறினார், உட்கார்ந்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"திரைச்சீலை தரையப் பெருக்குதே. வெட்டித் தைக்கக் கூடாதா?"

"அடுத்த வீட்டு ஜன்னல் பெருசா இருந்தாலும் இருக்கும்னு விட்டு வச்சிருக்கேன்" என்றாள் தங்கை.

"இனிமே எங்கடி அடுத்த வீடு?"

டீ வந்தது. குடித்தார்கள். மைக்கைப் பற்றிப் பேசினார்கள், லிஃப்ட்டைப் பற்றிப் பேசினார்கள். அண்ணன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அப்புறம், மாப்பிள்ளை. அந்த சாரி?"

தூதர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "கொள்கையளவில் ஒத்துக்கறேன், மச்சான்."

"சரி. எப்ப?"

"வாசகம் இன்னும் முடிவாகல."

"அப்படின்னா அது பாக்கி. நானே வந்து வாங்கிக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஆச்சா என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் அதே பதில். தங்கை இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே பால் வாங்கி வைக்கிறாள். வாசகத்தைச் சீக்கிரம் முடியுங்கள் என்று கணவரை அவள் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.